காருக்குள் ‘ஜில்’... ஊருக்கு சூடு! ஏ.சி. கியாஸ் லீக்கானால் யாருக்கு நஷ்டம்?

திருவண்ணாமலை:

பவுர்ணமி வந்தால் போதும், திருவண்ணாமலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. பக்தர்கள் 14 கி.மீ. கிரிவலம் முடித்து வரும் வரை டாக்சி டிரைவர்கள் காத்துக்கிடக்க வேண்டும். புழுக்கம் தாங்காமல் என்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போடுபவர்களும் உண்டு.

புகை கண்ணுக்கு தெரியும். ஏ.சி.க்குள் ஓடும் கியாஸ் தெரியாது. ஆனால் பூமியை சூடாக்குவதில் அது பெரிய கில்லாடி!

முன்பு கார் ஏ.சி.யில் ‘ஆர்-12’ கியாஸ் இருந்தது. ஓசோன் படலத்தை அரித்ததால், 1987-ம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. அடுத்து வந்ததுதான் ‘ஆர்-134ஏ’. நம்ம ஊர் கார்களில் பெரும்பாலும் இதுதான். ஓசோனுக்கு பாதகம் இல்லை. ஆனால் 1 கிலோ கசிந்தால் சுமார் 1,430 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்கு சமம்.

இப்படி கணக்கு போட்டு பாருங்கள். ஒரு காரில் சுமார் அரை கிலோ கியாஸ் இருக்கும். அது முழுசா லீக்கானால், 300 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார், சென்னைக்கு 12 தடவை போய் திரும்பும் பெட்ரோல் அது!

மாற்று இல்லையா? இருக்கு. ஐரோப்பாவில் 2017 முதல் புது கார்களில் ஆர்-134ஏ கிடையாது. அங்கு போடும் ‘ஆர்-1234ஒய்எப்’ கியாஸ் பூமியை சூடாக்குவது மிக மிக குறைவு. ஆனால் விலை பல மடங்கு. சில கார்களில் கரியமில வாயுவையே ஏ.சி.க்கு பயன்படுத்துகிறார்கள். நம்ம ஊர் வெயிலில் அதன் குளிர்ச்சித் திறன் குறையும்.

2016-ம் ஆண்டு கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றது. அதன்படி இத்தகைய கியாஸ் பயன்பாட்டை 2032-ல் குறைக்கத் தொடங்கி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இதற்கிடையே, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். வெயிலில் வேகும் டிரைவர்களுக்கு இது நியாயமான வசதிதான். ஆனால் ஏ.சி. வண்டிகள் பெருகப் பெருக லீக்கும் பெருகும்.

2047 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏ.சி. கியாஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. சீக்கிரமே குறைந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் கியாஸ் மட்டும் ஏற்றினால், சில வாரத்தில் மறுபடி செலவு. டிரைவர் பாக்கெட்டும் காலி, வானமும் சூடு.

பழைய கியாஸை காற்றில் விடாமல் உறிஞ்சி, சுத்தம் செய்து திரும்ப ஏற்றும் மெஷின் இருக்கிறது. சின்ன ஒர்க்‌ஷாப்புகளால் வாங்க முடியாது. அரசு மானியமும் பயிற்சியும் கொடுத்தால் முடியும்.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள்: “கியாஸ் அப்புறம் ஏத்தலாம்ணே... லீக் எங்கே?”