கணக்கில் வராத கிடங்கு விபத்துகள்

தில்லியை அடுத்த குருகிராமிலும் மும்பையை அடுத்த பிவண்டியிலும் பெருகிவிட்ட கிடங்குகளில் சரக்கைத் தூக்கி அடுக்குவது 'ஃபோர்க்லிஃப்ட்' இயந்திரம்தான். பின்புறமுள்ள எதிரெடையைக் கொண்டே அது முன்புறச் சுமையைத் தாங்குகிறது. சுமையை உயரத் தூக்கிய நிலையில் வேகமாகத் திருப்பினால் கவிழ்ந்துவிடும். அப்போது வெளியே குதிக்க முயலும் ஓட்டுநர் அதன் மேற்கூரைச் சட்டத்தின் கீழ் நசுங்கும் அபாயம் உண்டு. சுமை பார்வையை மறைப்பதால், எதிரே நடந்து வருபவர் மீது மோதுவதும் உண்டு.

இந்த விபத்துகள் குறித்து நாடாளுமன்றத்தில் வினா எழுப்பினால் என்ன விடை கிடைக்கும்? மத்திய அரசு திரட்டி வந்துள்ளவை பதிவு பெற்ற தொழிற்சாலைகளின் விபத்து விவரங்களே. உற்பத்திப் பணி நடைபெறாத இடம், 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி தொழிற்சாலையாகக் கருதப்படவில்லை. எனவே, ஆலை வளாகத்தில் அதே இயந்திரம் ஒருவரைக் கொன்றால் கணக்கில் ஏறியது. சாலைக்கு அப்பால் உள்ள சேமிப்புக் கிடங்கில் கொன்றால் ஏறவில்லை. இன்னொரு விநோதமும் உண்டு. வளாகத்துக்குள் மட்டுமே இயங்கும் தனிவகை வாகனம் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார் வாகனமே அல்ல. இருசக்கர வாகனத்துக்குத் தேவைப்படும் உரிமம், பல டன் இயந்திரத்துக்கு அச்சட்டப்படி தேவையில்லை.

எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவையில் 2020 செப்டம்பரில் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த ஓட்டையை ஓரளவு அடைத்துள்ளது. 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் கிடங்கும் இனி அதன் வரம்புக்குள் வரும். மரணத்தையோ, 48 மணி நேரத்துக்கு வேலை செய்ய இயலாத காயத்தையோ நிர்வாகம் தெரிவித்தாக வேண்டும். இதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால், அதே சட்டம் ஆய்வாளரை 'ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பாளர்' ஆக்கியுள்ளது. எங்கே ஆய்வு செய்வது என்பதைக் கணினி தேர்வு செய்யவும் வழிவகுக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 ஆக உயர்ந்துவிட்டது. கிடங்குகளிலோ ஒப்பந்ததாரர்கள் மூலம் வருவோரே அதிகம். ஒப்பந்ததாரரின் ஆள் அடிபட்டால், அறிக்கை அனுப்ப நிர்வாகம் தானாக முன்வருமா என்பது ஐயமே.

வரும் கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் கேட்க வேண்டியது கடினமான கேள்வி அல்ல. விபத்துப் புள்ளிவிவரத்தில் கிடங்குகளுக்கெனத் தனிப் பத்தி உண்டா, இல்லையா?