வவுச்சர் இல்லாத சர்வர்

பி.காம். படிக்கிறவன் கமாண்ட் லைனைப் பத்தி எழுதலாமான்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடறேன். தாராளமா எழுதலாம். ஏன்னா இது கம்ப்யூட்டர் பிரச்சினையே இல்லை, கணக்குப் பிரச்சினை.

டிஹெச்சிபி சர்வர்னா பெரிய மந்திரம் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நெட்வொர்க்குல புதுசா ஒரு மெஷின் வந்து "எனக்கு ஒரு ஐ.பி. முகவரி கொடுங்க"ன்னு கத்தும். சர்வர் தன் கையிருப்பைப் பார்த்து ஒண்ணை எடுத்து, இத்தனை நாளைக்குன்னு கெடு வெச்சுக் கொடுக்கும். 1993-ல முதல் வரையறை வந்து, 1997-ல திருத்தி எழுதின ஏற்பாடு இது. அப்படிக் கொடுக்கறதுக்கு அவங்க வெச்ச பேரே 'லீஸ்'. அதாவது குத்தகை! யாருக்கு, எதை, எத்தனை நாளைக்குன்னு எழுதி வைக்கிற குத்தகைப் பேரேடு. இதைப் பத்திப் பேச காமர்ஸ்காரனை விடப் பொருத்தமான ஆள் யாரு? :-)

இந்தப் பேரேட்டை நடத்த ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஜன்னலைத் திறந்து மவுஸால கிளிக் கிளிக்னு போறது. இன்னொண்ணு, கட்டளையா எழுதி ஓட்டறது. பத்து கம்ப்யூட்டர் இருக்கற ஆடிட்டர் ஆபீசுக்கு மவுஸே போதும், சண்டை இல்லை. ஆனா மூணு ஷிஃப்ட் ஓடற தொழிற்சாலையை மவுஸால மட்டும் நிர்வாகம் பண்றது, வவுச்சர் இல்லாம கணக்கு எழுதற மாதிரி. இதான் என் வாதம்.

ஒரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனி. பேர் வேண்டாம். அங்க ஸ்டோர்ஸ்ல கான்ட்ராக்ட்ல வேலை பாக்கற எங்க ஊர்ப் பையன் ஒரு நாள் புது பார்கோட் ஸ்கேனர்களை எடுத்து ஆன் பண்ணினா, ஒண்ணும் நெட்வொர்க்குல சேரலை. எல்லாத்துலயும் 169.254-ன்னு ஆரம்பிக்கிற முகவரி. சர்வர் எதுவும் கொடுக்காதப்போ மெஷின் தானே வெச்சுக்கிற அனாதை முகவரி அது. சூபர்வைசர் சொன்ன ஒரே வார்த்தை: "நீ என்னத்தையோ நோண்டிட்ட." அரை நாள் சம்பளம் போச்சு.

நடந்தது என்ன? பத்து நாள் முன்னாடி யாரோ விருந்தினர் வைஃபையையும் அதே முகவரித் தொகுப்புல சேர்த்து விட்டிருக்காங்க. சாதாரணத் தொகுப்புல இருக்கறது 254 முகவரி. விண்டோஸ் சர்வர் தானா வைக்கிற குத்தகைக் காலம் 8 நாள். ஒரு நாளைக்கு 40 புது ஃபோன் வந்து போகுதுன்னு வெச்சுக்கங்க. ஃபோன் போயிடும், ஆனா பேரேட்டுல அதோட முகவரி 8 நாள் பூட்டியே கிடக்கும். 40-ஐ 7-ஆல பெருக்கினா 280. ஏழாவது நாளே கல்லா காலி. பையன் நோண்டினது இல்லை சாமி, பள்ளிக்கூடப் பெருக்கல்!

சரி, சேர்த்து விட்டது யாரு? யாருக்கும் தெரியலை. சர்வரோட நிகழ்வுப் பதிவுல 'இது மாறிச்சு'ன்னு ஒரு வரி கிடைக்கலாம். ஏன் மாத்தினாங்க, யார் சொல்லி மாத்தினாங்கங்கற நேரேஷன் அதுல கிடையாது. நேரேஷன் இல்லாத ஜர்னல் என்ட்ரியை நம்ம வாத்தியார் ஒத்துக்குவாரா? அந்த மாற்றத்தையே நாலு வரிக் கட்டளையா ஒரு கோப்புல எழுதி, மேல தேதியும் காரணமும் போட்டு ஓட்டியிருந்தா, அந்தக் கோப்புதான் வவுச்சர். (கட்டளையை அடிச்சுட்டு எங்கயும் வைக்காம போனா அதுவும் மவுஸ் மாதிரிதான், அதையும் சொல்லிடறேன்.)

இன்னொரு கொடுமை கேளுங்க. விண்டோஸ் டிஹெச்சிபியோட தணிக்கை லாக், கிழமைக்கு ஒரு கோப்பா எழுதப்படுது. அடுத்த திங்கள் வந்தா இந்தத் திங்களோட கோப்பு மேலயே எழுதிடும். அதாவது ஞாபக சக்தி ஒரே வாரம். ஆனா செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022-ல போட்ட உத்தரவு, கம்பெனிகள் தங்களோட எல்லா கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாக்குகளையும் 180 நாள் வெச்சிருக்கணும்னு சொல்லுது. 7 எங்க, 180 எங்க? தினமும் ஒரு தடவை அந்தக் கோப்பை வேற இடத்துக்குத் தேதி போட்டு நகலெடுக்கற கட்டளை ஒரு வரி. யாராவது தினமும் மவுஸால இழுத்துப் போடுவாங்கன்னு நம்பறீங்களா?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்காதீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டினப்போ, ஒரகடத்துல இருந்த ரெனோ-நிசான் கூட்டு ஆலையும் பாதிக்கப்பட்டதுன்னு செய்தி வந்தது. அந்த மாதிரி ஒரு நாள்ல எந்த நெட்வொர்க்குலயும் எழற முதல் கேள்வி, "இந்த ஐ.பி. எந்த மெஷின்?" அதுக்குப் பதில் குத்தகைப் பேரேட்டுல இருக்கு. பவர்ஷெல்லுல ஒரு கட்டளை போட்டா முகவரி, மேக் எண், மெஷின் பேர் எல்லாம் பட்டியலா எக்செல்லுக்கே போயிடும். திரையை உருட்டி உருட்டித் தேடறதுக்குள்ள வைரஸ் அடுத்த ஷெட்டுக்குப் போயிருக்கும்.

"கமாண்ட்ல ஒரு எழுத்து தப்பினா எல்லாம் போச்சே"ன்னு சொல்றாங்க. நியாயமான பயம்தான். அதுக்குத்தான் பவர்ஷெல்லுல 'வாட்-இஃப்'னு ஒண்ணு இருக்கு. செய்யாமலே, செஞ்சா என்ன ஆகும்னு சொல்லும். லினக்ஸ் பக்கம் பழைய ஐ.எஸ்.சி. சர்வரும் சரி (2022-ல அதுக்கு மூடுவிழா நடத்தியாச்சு), அதுக்கு அடுத்து வந்த கீயாவும் சரி, அமைப்புக் கோப்பை ஓட்டறதுக்கு முன்னாடி பிழை பார்த்துச் சொல்லும். மவுஸ் கிளிக்குக்கு ட்ரையல் பேலன்ஸ் போட்டுப் பாக்க முடியுமா?

"எல்லாருக்கும் புரியணும்ல"ங்கறது அடுத்த சாக்கு. அட, நம்ம டேலி ஆபரேட்டர்களைப் பாருங்கப்பா! எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல். மவுஸைத் தொட்டா கேவலமா பாப்பாங்க. கீபோர்டு நமக்குப் பயமா என்ன?

1 ஏப்ரல் 2023-லேர்ந்து கம்பெனிகள் பயன்படுத்தற கணக்கு மென்பொருள்ல ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் இருக்கணும்னு சட்டம். பணத்துக்கு இருக்கற அந்தத் தடம் சர்வருக்கும் வேணும். நம்மள்ல பல பேர் நாளைக்கு இந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள்ல அக்கவுண்ட்ஸ்லயோ இன்டெர்னல் ஆடிட்லயோ உக்காரப் போறோம். அன்னிக்கு ஐ.டி. ஆளைக் கூப்பிட்டு ரெண்டே கேள்வி கேளுங்க: 180 நாள் லாக் எங்கே? கடைசியா செஞ்ச மாற்றத்துக்கு வவுச்சர் எங்கே?

பதில் இல்லைன்னா, அடுத்த தடவை ஸ்கேனர் நின்னதும் சம்பளம் போகப் போறது யாருக்குன்னு உங்களுக்கே தெரியும்.