மலைக்குப் போவது குற்றமல்ல!

ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாள் வருகிறது. திருவொற்றியூர்த் தெரு ஒன்றில் ஒரு வீடு விடியுமுன் விழித்துக்கொள்கிறது. புளிசாதம் கட்டியாகிவிட்டது. பிள்ளைகளுக்கோ இரவெல்லாம் தூக்கமில்லை. கும்மிடிப்பூண்டி ரயில், அதைத் தாண்டி ஆந்திர எல்லை, பிறகு தடா அருவிக் காடு! எண்ணூர்ப் புகைபோக்கிகளையே மலைச்சிகரமாகப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்மையான மலையைக் காட்ட வேண்டும் என்பது அந்தத் தகப்பனின் ஆசை.

இந்த ஆசையில் குற்றமென்ன? ஒன்றுமில்லை. ஆனால், காலையில் போன குடும்பம் மாலையில் முழுதாக வீடு திரும்ப வேண்டுமே, அதற்குப் பொறுப்பு யார்? இன்று நாம் எழுப்பும் கேள்வி இதுதான்.

வெகுதூரம் போக வேண்டாம். நமக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. உறவினர்கள் குடும்பம் குடும்பமாக ஒரே படகில் ஏறினார்கள். உயிர்காப்புச் சட்டை இல்லை. படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள்.

ஆறாண்டு கழிந்து 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்து போன ஒரு குழுவும், ஈரோடு - திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போன மற்றொரு குழுவும் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். மாசி மாதத்துக் காய்ந்த புல், பற்றிக்கொண்டது காட்டுத்தீ. சமதரையில் ஊரும் தீ, சரிவில் ஏறும்போது ஓடும். மேலே உள்ள புல்லைக் கீழே எரியும் நெருப்பே உலர்த்திக்கொண்டு போகும். பழகாத கால்கள் எங்கே ஓடும்? முதலில் ஓடிவந்து தோள் கொடுத்தவர்கள் மலையடி ஊர்களின் ஏழை மக்கள்; பிறகே விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின.

அந்தத் தடத்துக்கு அனுமதி வாங்கவில்லை என்றார்கள் அதிகாரிகள். தீப்பருவத்தில் தடுத்து நிறுத்த ஆள் எங்கே என்றார்கள் மக்கள். அதுல்ய மிஸ்ரா விசாரணை நடத்தினார். அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளும் வந்தன.

இத்தகைய செய்தி வந்ததும் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். “உழைக்கிறவனுக்கு உல்லாசம் எதற்கு? வீட்டில் கிடந்தால் ஆகாதா?” என்கிறார்கள். ஆகாது ஐயா, ஆகாது! ஓய்வு எவரும் இட்ட பிச்சையல்ல. 1918-இல் வடசென்னை ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டதும், 1923-இல் சிங்காரவேலர் இந்நகரில் மே நாள் கொண்டாடியதும் எதற்காக? உழைப்பவனும் மனிதனே, அவனுக்கும் பொழுது உண்டு என்பதற்காக! அந்தப் பாதையில்தான் 1948 தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வையும், உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள விடுப்பையும் எழுதிற்று. 1958-இல் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்குச் சென்னை மாநிலம் சட்டம் செய்தது. ஒப்பந்தத் தொழிலாளியோ விடுப்பெடுத்தால் கூலியை இழக்கிறான். அப்படி இழந்து வாங்கிய ஒரு நாளையா வேண்டாம் என்பது?

ஆகவே, போக வேண்டும். ஆனால், எப்படிப் போவது?

துறைமுகத்தில் வேலை செய்யும் தோழனைக் கேளுங்கள். ஆலைத் தொட்டிக்குள் இறங்கும் தோழனைக் கேளுங்கள். கேட்டில் பெயர் எழுதாமல் உள்ளே விடுவார்களா? பெர்மிட் இல்லாமல் தொட்டிக்குள் இறங்கலாமா? உள்ளே போனவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை என்று எண்ணுகிறோமே, ஏன்? இந்த ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு தொழிலாளியின் ரத்தம் இருக்கிறது. வேலைநாளில் ஒரு கண்ணாகக் காக்கும் இந்த அறிவை விடுமுறை நாளில் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவதா?

ஆட்சியாளருக்கும் ஒரு சொல். விபத்து நடந்ததும் தடை போடுவது எளிது. பழவேற்காட்டில் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. படகோட்டிய மீனவனின் பிழைப்பும் போயிற்று. தடை ஆபத்தை ஒழிப்பதில்லை, கண்ணுக்கு மறைக்கிறது, அவ்வளவே. வழிகாட்டி, உயிர்காப்புச் சட்டை, ஆள் கணக்கு, எச்சரிக்கைப் பலகை, முதலுதவி இவற்றைத் தருவதே அரசின் கடமை.

தமிழ்நாட்டு வனத்துறை 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலைத்தடங்களைத் திறந்து, அந்தந்த ஊர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. வரவேற்கிறோம். மலையை அறிந்தவன் மலைமகன். ஆனால், ஐந்து பேர் கொண்ட கூலிக் குடும்பத்துக்குக் கட்டணம் எட்ட வேண்டாமா? கணினியில் பதிவு செய்யத் தெரியாத தாய்க்கும் ஒரு சீட்டு கிடைக்க வேண்டாமா? தொழிலாளர் குடும்பத்துக்குக் குறைந்த கட்டணம் வை, தொழிற்சங்கத்தின் வழியாகவும் பதிவு ஏற்றுக்கொள் என்று கேட்கிறோம்.

தோழர்களே! அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. படிப்பகங்களும் சங்கக் கிளைகளும் இதை மேற்கொள்ளட்டும். புறப்படும் குடும்பம் போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கிளையில் எழுதி வைக்கட்டும். காடென்றால் வனத்துறை அனுமதி, நீரென்றால் உயிர்காப்புச் சட்டை. இவை இல்லையேல் பயணமும் இல்லை. புகை தெரிந்தால், வானம் கறுத்தால், வெயில் சாய்ந்தால் திரும்பிவிடு. பிள்ளை அழுமே என்று பார்க்காதே. பாதியில் திரும்புவது கோழைத்தனமல்ல. பழுதான கிரேனை நிறுத்துகிறவனை நாம் கோழை என்றா சொல்கிறோம்?

மலை அடுத்த ஞாயிறும் அங்கேயே இருக்கும். அதைப் பார்க்க நாமும் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்!