ஓடுதளத்தை இழக்கும் பொதுப் பல்கலைக்கழகம்

பெங்களூரு கண்டோன்மென்ட்டின் வடகிழக்கே, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பூங்கா உண்டு. மரநிழலில் முதியோர் நடப்பதற்கு உகந்த இடம். நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் குறித்துப் பயிற்சி பெற உகந்ததன்று. அப்பகுதியிலோ, அதை அடுத்துள்ள காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் தெருக்களிலோ வாழும் தமிழ் பேசும் தொழிலாளி ஒருவரின் மகள் கல்லூரி அணிக்காக ஓட விரும்பினால் எங்கே செல்வாள்? கண்டீரவா அரங்கம் இருக்கிறது. நகர் முழுமைக்கும் அதுவே முதன்மையான ஓடுதளம் என்பதால் கூட்டமும் போட்டியும் அங்கே ஓய்வதில்லை. எஞ்சியிருப்பது பொதுப் பல்கலைக்கழகம். அது இன்று எந்நிலையில் உள்ளது என்பது விளையாட்டுப் பக்கத்துக்கு உரிய செய்தி மட்டுமன்று.

2022 ஏப்ரல் 24 முதல் மே 3 வரை கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் பெங்களூருவில் நடைபெற்றன. நடத்தியது ஜெயின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பதக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றதும் அதுவே. இரண்டாமிடம் பஞ்சாபின் லவ்லி தனியார் பல்கலைக்கழகத்துக்கு. அனைத்திந்திய அளவிலும் திசை இதுதான். பல்கலைக்கழக விளையாட்டின் உயரிய விருதான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்பட்டு வருகிறது. அதனை இருபது முறைக்கு மேல் வென்றது அமிர்தசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் என்னும் அரசுப் பல்கலைக்கழகம். 2024ஆம் ஆண்டுக்கான கோப்பை சண்டிகர் பல்கலைக்கழகம் என்ற தனியார் நிறுவனத்துக்குச் சென்றது. இரண்டாமிடமும் தனியாருக்கே. குருநானக் தேவ் மூன்றாமிடத்துக்கு இறங்கியது.

தனியார் நிறுவனங்கள் திறமையாகப் பயிற்சி அளிக்கின்றன, ஆகவே வெல்கின்றன என்று முதலாளித்துவ ஏடுகள் எழுதும். அதில் பாதி உண்மை. மறுபாதி வேறு. அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரும் மாவட்டப் பயிற்சியாளரும் பொதுப் பணத்தில் உருவாக்கிய வீரரை, பதக்கம் வாங்கத் தொடங்கிய பின்னர், கட்டண விலக்கும் விடுதியும் உணவும் தந்து சேர்த்துக்கொள்வது எளிது. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர். அந்தப் பதக்கம் அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கை விளம்பரத்தில் இடம்பெறும். விளம்பரம் கண்டு சேரும் ஆயிரக்கணக்கானோர் செலுத்தும் கட்டணத்தில் அச்செலவு பன்மடங்காகத் திரும்பும். அங்கே சேரும் வீரரைக் குறை கூறுவது தவறு. வறிய குடும்பத்தின் மகளுக்கு மூன்று வேளை உணவும் கட்டணமில்லாப் பட்டமும் கிடைக்குமெனில் அவள் செல்லத்தான் செய்வாள். அதே உணவை அரசுப் பல்கலைக்கழகம் ஏன் தர இயலவில்லை என்பதே கேட்கப்பட வேண்டியது.

பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 1964 ஜூலையில் தோன்றியது. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் ஒதுக்கப் பரிந்துரைத்த கோத்தாரி குழு அமைக்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். குழு கேட்ட 6 சதவீதம் இன்றுவரை வரவில்லை. ஞானபாரதியில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வந்தது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம் அவ்வளாகத்தில்தான் இயங்குகிறது. தேசிய ஹாக்கி அணிகள் அங்கே முகாமிடுகின்றன. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சாதாரணக் கல்லூரி மாணவருக்கு அது வேலிக்கு அப்பாலுள்ள மைதானம்.

2017இல் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. விரிந்த நிலம் நகரின் தென்மேற்கு முனையில் ஒரு பல்கலைக்கழகத்திடம் தங்கியது. நகர மையத்தின் பழைய சென்ட்ரல் கல்லூரி வளாகம் மற்றொன்றுக்கு. மூன்றாவதன் தலைமையகம் அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால் கோலார் அருகே. அணித் தேர்வும் பயிற்சி முகாமும் பயணச் செலவும் மூன்று இடங்களில் தனித்தனியே நடத்தப்பட வேண்டியவை ஆயின. சென்ட்ரல் கல்லூரி வளாகத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்கு 2025இல் மன்மோகன் சிங்கின் பெயரைச் சூட்டியது காங்கிரஸ் அரசு. 1991ஆம் ஆண்டின் தாராளமயத்துக்கு வழிகோலியவரின் பெயரை ஓர் அரசுப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பதில் உள்ள முரண் அவ்வரசுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில், முந்தைய பாஜக அரசு போதிய நிதியின்றித் தொடங்கிய புதிய பல்கலைக்கழகங்களில் ஒன்பதை மூடிவிடலாம் என அமைச்சரவைத் துணைக்குழு பரிந்துரைத்தது. ஒருவர் பணமின்றித் திறக்கிறார். மற்றவர் பணமில்லை என மூடுகிறார்.

கர்நாடக அரசுக் கல்லூரிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பணியாற்றுகின்றனர். 2023 இறுதியில் பணி நிரந்தரம் கோரி அவர்கள் போராடியதைத் தோழர்கள் அறிவர். பாடம் நடத்தவே நிரந்தர ஆசிரியர் இல்லாத கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் பணியிடத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்? தடகளமோ ஆண்டுக்கணக்கான பயிற்சியைக் கோருவது. பருவந்தோறும் மாறும் ஆசிரியரால் ஓட்டக்காரரை உருவாக்க முடியாது.

பணமே தீர்வு என்போர் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரில் மிக அதிகம் பெறுபவர் பல்கலைக்கழகக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்குமேல் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். பிறர் உழைப்பில் தொலைக்காட்சி வருவாய் ஈட்டியவர்கள் உழைத்தவர்களுக்குப் பங்கு தருவது நியாயம்தான். ஆனால் அப்பணத்தின் பெரும்பகுதி வருவாய் தரும் இரு விளையாட்டுகளையே சேரும். நீச்சல், தடகளம், டென்னிஸ் அணிகள் கலைக்கப்படும் அச்சத்தில் வாழ்கின்றன. விற்பனைக்குரிய விளையாட்டு மட்டுமே சந்தையில் தங்கும்.

இடதுசாரி இயக்கமும் இங்கே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கட்டணம், விடுதி, கல்வி உதவித்தொகை எனக் கோரிக்கைப் பட்டியல் நீள்கையில் மைதானம் கடைசி வரியில் வருகிறது, அல்லது வருவதேயில்லை. விளையாட்டு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடமும் படிந்திருக்கிறது. பெங்களூருவின் உழைப்பாளி மக்கள் அவ்வாறு எண்ணியதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்துக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்நகரத்தவர். அல்சூர் கௌதமபுரமும் ஆஸ்டின் டவுனும் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைத் தந்தன. அவர்களுக்கு எச்ஏஎல், ஐடிஐ போன்ற பொதுத்துறை ஆலைகள் அணியில் இடமும் வேலையும் தந்தன. ஆலையின் சட்டை அணிந்து ஆடியவர் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள தொழிலாளியாக வாழ்ந்தார். பொதுத்துறை சுருக்கப்பட்டபோது சுருங்கியது அந்த வாசலும்தான். கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீடு இன்று அதன் இடத்தில் நிற்கிறது. அதுவும் அடைபட்டால், தெருவில் பந்து உதைக்கும் பிள்ளைக்கு உணவு விநியோக வண்டிதான் மிஞ்சும்.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு ஊராட்சிக்கு ஒரு விளையாட்டுத் திடல் எனத் திட்டம் வகுத்தது. பதக்க எண்ணிக்கையிலிருந்து தொடங்காமல் திடலிலிருந்து தொடங்கியது அதன் சிறப்பு. பெங்களூருவில் வார்டுக்கு ஒன்று கேட்பதற்கு முன்னர் இன்னொன்றைக் கேட்கலாம். ஒவ்வொரு மாணவரிடமும் சேர்க்கையின்போது விளையாட்டுக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. அத்தொகை எவ்வளவு, அதில் மைதானத்துக்கும் காலணிக்கும் பயிற்சியாளருக்கும் சென்றது எவ்வளவு என்ற கணக்கைக் கல்லூரிவாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு மூன்று பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களிடமும் மாணவர் அமைப்புகள் கோர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கப் பத்து ரூபாய் போதும்.