ஒரு பக்கக் காது திடீரென அடைத்தால்...

இம்முறை வேறொருவருடைய நோயைப் பற்றியல்ல, என் வலது காதைப் பற்றியே எழுதுகிறேன்.

2022 ஜூலை. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். ஒருநாள் காலையில் சம்மாந்துறையிலிருந்து ராத்தா அழைப்பெடுத்தார். தொலைபேசியை வழமைபோல் வலது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. போன் பழுதாக்கும் என்று இடது காதுக்கு மாற்றினேன். “ஏன் புள்ள பேசாம இரிக்காய்?” என்று அவர் கேட்பது தெளிவாகக் கேட்டது. வலது காதுக்குள் கடல் இரைவது போன்ற ஓர் இரைச்சல் மட்டும்.

“குளிக்கக்குள்ள தண்ணி போயிரிக்கும்” என்றார் உம்மா. வெள்ளைப்பூடு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் இரண்டு துளி விட்டார். அடுத்த நாள் பாமசியில் சொட்டு மருந்தொன்று வாங்கினோம். மாவடிப்பள்ளியிலிருந்து கல்முனை அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அந்நாட்களில் ஓட்டோ பிடிப்பதே பெரும்பாடு. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஒரு காது அடைத்ததற்கு யார் அவசரப்படுவார்கள்? ஒன்பது நாட்கள் போய்விட்டன.

காது, மூக்கு, தொண்டை வைத்தியர் ஓர் இசைக்கவரைத் தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்தார். சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். இடப்பக்கம் என்றேன். அவருடைய முகம் மாறியது. காதுக்குடும்பியால் அடைத்திருந்தால் அந்தச் சத்தம் அடைத்த பக்கமே கூடுதலாகக் கேட்குமாம். நல்ல காதுக்குப் போனால் பழுது உட்காதிலோ நரம்பிலோ என்று அர்த்தம். “முதல் நாளே வந்திருக்கலாமே” என்றார். கேள்திறன் பரிசோதனையும் அதையே காட்டியது.

இதைத் ‘திடீர் நரம்புச் செவிட்டுத்தன்மை’ என்கிறார்கள். 72 மணித்தியாலத்துக்குள் 30 டெசிபலுக்குக் குறையாத இழப்பு என்பது வைத்தியர்களின் அளவுகோல். பெரும்பாலானோருக்குச் சரியான காரணம் கண்டுபிடிக்கப்படுவதில்லை. வைரஸ் என்பது ஒரு கருத்து, இரத்த ஓட்டம் தடைப்படுவது இன்னொன்று. உட்காதுக்குப் போகும் நாடி மயிரிழை போன்றது. கேட்கும் நரம்போடு சேர்ந்து ஒரே எலும்புக் குழாய்க்குள் நுழைகிறது. நம்மூர் வயலைப் பாருங்கள். கடைசி வரவைக்கு ஒரேயொரு வாய்க்கால்தான் என்றால், அது அடைபட்டால் பக்கத்து வரவையால் தண்ணீர் வராது. உட்காதும் அப்படித்தான், அதற்கு மாற்றுவழி இல்லை.

ஸ்டீரொயிட் குளிசை தந்தார்கள். இது முதல் இரண்டு வாரங்களுக்குள் ஆரம்பித்தால்தான் கூடிய பலன். பிந்தியவர்களுக்கும், குளிசையால் குணமாகாதவர்களுக்கும் செவிப்பறையூடாக ஊசியும் போடுவார்கள். நீரிழிவுள்ள சகோதரிகள் அதைக் கட்டாயம் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். இந்தக் குளிசை சீனியை ஏற்றிவிடும்.

நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி இல்லை. ஆனால் அறிக்கையில், கேட்கும் நரம்பின் அருகே ஓர் இரத்தக் குழாய் வளைந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. தலைக்குள் சத்திர சிகிச்சை என்று வீட்டில் அழுகை வேறு. மறுநாள் வைத்தியர் படத்தைக் காட்டிச் சிரித்தார். அதே வளைவு என் இடது பக்கத்திலும் இருந்தது, நன்றாகக் கேட்கும் காதில்! காதில் எந்தக் குறையும் இல்லாத பலருக்கும் இப்படி இருக்குமாம். அதைக் கண்டதாலேயே அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அறிக்கையை நாமாகவே வாசித்துப் பயப்படுவது எவ்வளவு மடத்தனம் என்று அன்று விளங்கியது.

2024 ஜூனில் ஹிந்திப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கியபோது திடீரெனக் காது கேட்காமல் போனதாக அறிவித்தார். வைரஸ் தாக்கத்தால் நரம்பு பாதிக்கப்பட்டது என அவருடைய வைத்தியர்கள் கூறியிருந்தனர். வாசித்தபோது என் தொலைபேசி ஞாபகம்தான் வந்தது.

இன்னொன்று. காது அடைத்ததோடு தலைசுற்றி நடை தள்ளாடினால், முகம் கோணினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால் அது மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்ட பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்போது கிளினிக் நாள் வரும்வரை இருக்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள்.

எனக்குப் பாதிக் கேள்வி திரும்பியது. முதல் நாளே போயிருந்தால் முழுதும் திரும்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு மருந்தில்லாமலே திரும்புகிறது, சிலருக்கு மருந்தாலும் திரும்புவதில்லை. இப்போது இடது காதைத் தலையணையில் வைத்துப் படுப்பதில்லை. படுத்தால் பிள்ளை அழுவது கேட்காது.

போன மாதம் பக்கத்து வீட்டு மச்சி காது அடைக்குது என்று வந்தார். வாயை மூடி “ம்ம்ம்” என்று முனகச் சொன்னேன். சத்தம் அடைத்த காதிலேயே கூடுதலாகக் கேட்கிறது என்றார். குடும்பியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் எண்ணெய்ப் போத்தலை எடுக்க விடவில்லை. அன்றே வைத்தியரிடம் கூட்டிப் போனேன்.