பூட்டு நமது, சாவி யாரிடம்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற தை மாதம் நம் கல்லூரிக்கு அண்மையிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. திடலில் புத்தகக் கண்காட்சி நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரோ ஒருவருடைய பை என் கையில் இடிக்க, கைப்பேசி தரையில் விழுந்தது. முகப்புக் கண்ணாடி சிலந்தி வலையாயிற்று. மறுநாள் வகுப்பு முடிந்ததும் பழுது பார்க்கும் கடையொன்றுக்குச் சென்றேன். கடையின் பெயர் இங்கு வேண்டா. கடைக்காரர் நல்ல மனிதர்தாம். “பாட்டர்ன் சொல்லு தம்பி” என்றார். சொன்னேன். சிறு தாள் ஒன்றில் ஒன்பது புள்ளிகளை வைத்து, நான் சொன்னபடி கோட்டை இழுத்து, அதைக் கைப்பேசியின் முதுகிலேயே ஒட்டினார். மேசைமீது அதேபோல முதுகில் சீட்டு ஒட்டிய கைப்பேசிகள் இன்னும் ஆறு கிடந்தன. ஏழு வீட்டுச் சாவிகளும் அவ்வவ்வீட்டு வாசற்படியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன!

வெறுங்கையோடு பேருந்தில் ஏறிய பிறகுதான், எதைக் கொடுத்துவிட்டு வந்தோம் என்ற எண்ணமே எழுந்தது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் வந்து சேரும் வங்கிக் கணக்கு, அதற்குரிய ஓ.டி.பி., ஆதார் அட்டையின் படம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தங்கையின் பள்ளி விழாப் படங்கள் எல்லாம் அதில்தான். இவை போகட்டும். விடுதி நண்பன் ஒருவன் தன் தந்தையின் குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரு நள்ளிரவில் எழுதியனுப்பிய நீண்ட செய்தியும் அதில் இருந்தது. என்னையன்றி வேறெவரும் படியார் என்று நம்பி எழுதினான். என் பொருளை நான் எவரிடமும் கொடுக்கலாம். அவன் கண்ணீரைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?

மூன்றாம் நாள் கைப்பேசி நல்லபடியாகவே திரும்பி வந்தது. எதுவும் களவு போகவில்லை. ஆயினும் மனம் ஆறவில்லை. கணினித் துறை நண்பர்களையும் நூலகத்தையும் துளைத்தெடுத்து நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கைப்பேசியின் பூட்டைக் கதவின் பூட்டு என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கதவைப் பெயர்த்தால் உள்ளிருக்கும் பொருள் கிடைத்துவிடும் அன்றோ? கைப்பேசியில் நடப்பது வேறு. ஒவ்வொரு படமும் ஒவ்வோர் எழுத்தும் சேமிக்கப்படும்போதே பொருள் விளங்காத எண்குவியலாக மாற்றப்பட்டுவிடுகின்றன. இதற்குத்தான் குறியாக்கம் என்று பெயர். நினைவகச் சில்லைக் கழற்றி எடுத்துச் சென்றாலும் கையில் கிடைப்பது அக்குவியல் மட்டுமே. அதை மீண்டும் படமாகவும் எழுத்தாகவும் ஆக்குவதற்கு ஒரு நீண்ட எண் வேண்டும், அதுவே சாவி. யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்னும் பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் வகுத்த ஏ.ஈ.எஸ். முறையை அமெரிக்க அரசு 2001இல் தன் தரமாக ஏற்றது. உலகெங்கும் இன்று பெருவழக்கில் உள்ளது அதுவே. அம்முறையின் 256 பிட் சாவிக்கு எத்தனை வகை உண்டென்று எண்ணப் புகுந்தால், அந்த எண்ணிக்கையை எழுதவே 78 இலக்கங்கள் வேண்டும்!

2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 தொடங்கி, அதனோடு விற்பனைக்கு வரும் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் குறியாக்கம் கட்டாயம் ஆக்கப்பட்டது. விலை குறைந்த கைப்பேசிகளின் மெதுவான சில்லுகளுக்கென்றே ‘அடியாண்டம்’ என்னும் இலகுவான முறையைக் கூகுள் அதே ஆண்டில் கொண்டுவந்தது. ஏழைக்கும் செல்வர்க்கும் ஏறத்தாழ ஒரே தரத்தில் கிடைக்கும் பொருள்கள் நம் நாட்டில் எத்தனை உண்டு? இது அவற்றுள் ஒன்று. நாம் அறியாமலே நம் சட்டைப்பையில் இருக்கிறது.

அந்தப் பெரிய எண்ணை நாம் மனப்பாடம் செய்வதில்லை. அது கைப்பேசிக்குள்ளேயே உறங்குகிறது. நாம் இடும் சிற்றெண்ணோ கோடோ அதை எழுப்புகிறது. நான்கு இலக்கமாயின் 10,000 வழிகள். ஆறு இலக்கமாயின் 10 இலட்சம். ஒன்பது புள்ளிக் கோட்டிலோ 3,89,112 வழிகள். பலமுறை தவறாக இட்டால் கைப்பேசி நம்மைக் காக்க வைப்பது, திருடன் ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே. இத்தனை காவலையும் நான் ஒரு துண்டுச் சீட்டில் வரைந்து ஒட்டவிட்டு வந்தேன்!

இதை வகுப்பில் சொன்னபோது தோழன் ஒருவன் சிரித்தான். “மடியில கனம் இருந்தாத்தான மச்சான் வழியில பயம்? மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு எதுக்குப் பூட்டு?” என்றான். பழமொழியை நான் பழிக்கவில்லை. ஆனால் மடியில் கனம் என்றால் அது களவுப் பொருளாகத்தான் இருக்க வேண்டுமா? தாயின் சங்கிலியை அடகு வைத்துத் தங்கையின் கட்டணத்தைச் செலுத்தப் போகிறவன் மடியிலும் கனம் இருக்கிறது. அவனுக்கும் வழியில் பயம் உண்டு. நம் தாத்தா பாட்டி இன்லேண்டுக் கடிதத்தின் ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டித்தான் அனுப்பினார்கள். உள்ளே சதித்திட்டமா இருந்தது? மழை பெய்ததா, மாடு ஈன்றதா, மகள் முழுகாமல் இருக்கிறாளா என்பனவே இருந்தன. ஆயினும் ஒட்டினார்கள்! அஞ்சலை இடைமறிக்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் திருத்த மசோதா 1986இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் தராமலே வைத்திருந்தார். அது சட்டமாகவில்லை.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. தனிமனித அந்தரங்கத்தைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்று, நமக்கு அருகிலுள்ள திருவான்மியூரை நடுங்க வைத்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ஒட்டிப் பிறந்தது. அவன் சிறையில் எழுதியதை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. சிறைத்துறை தடுக்க முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1994 அக்டோபர் 7ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், குடிமகன் ஒவ்வொருவருக்கும் பிறர் தொந்தரவின்றித் தன்பாட்டில் இருக்கும் உரிமை உண்டென்றும், குடும்பம், மணம், தாய்மை, கல்வி ஆகியவை அவனுடைய சொந்த வட்டம் என்றும் நீதிமன்றம் கூறியது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட இதழுக்கு உரிமை உண்டென்பதையும் சேர்த்தே கூறியது. ஒரு கொலைகாரனின் வழக்கிலிருந்து நல்லோர்க்கெல்லாம் ஒரு வேலி! பின்னர் 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர்.

உரிமை தாளில் இருந்தால் போதுமா? பூட்டு வேண்டும். அப்பூட்டைப் பற்றிய பெரிய வாதம் ஒன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது. அதை அறிந்துகொள்ள ஒன்றை முதலில் விளக்கியாக வேண்டும். கைப்பேசிக்குள் உறங்கும் செய்திக்கு ஒரு பூட்டு. அச்செய்தி ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்லும் வழிக்கு வேறொரு பூட்டு. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இந்த இரண்டாம் பூட்டை எல்லார்க்கும் போட்டது. இடையிலிருக்கும் அந்நிறுவனமே படிக்க இயலாது.

2018இல் இருவர் உயர் நீதிமன்றத்தை அணுகினர். இணையத்தில் அவதூறும் மிரட்டலும் பெருகிவிட்டன; ஆகவே ஆதார் போன்ற அடையாளத்தைச் சமூக ஊடகக் கணக்குகளோடு இணைக்க வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். வழக்கு வளர வளர, பரவும் செய்தியை முதன்முதல் அனுப்பியவர் யாரெனக் கண்டறிய இயலுமா என்னும் வினா முன்னுக்கு வந்தது. அப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்து, பின்னர் அதன் இயக்குநரான காமகோடி, 2019இல் இயலும் என்றார். முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம். அதையும் பூட்டி, அதன் சாவியை நிறுவனத்திடம் வைத்து, நீதிமன்றம் கேட்கும்போது திறக்கலாம் என்பது அவர் கூறிய வழிகளுள் ஒன்று. மும்பை ஐ.ஐ.டி.யின் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். தேர்ந்த குற்றவாளி இதை ஏமாற்றிவிடுவான், அகப்படுகிறவர் எளியவரே என்பது மறுப்பின் சாரம். 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிகளில், முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் கடமை பெரிய நிறுவனங்கள்மேல் சுமத்தப்பட்டது. வாட்ஸ்அப் அதே மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே கூறவும் செய்தது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை நான் மறைக்கமாட்டேன். 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். வதந்தியைச் சுமந்தவற்றுள் வாட்ஸ்அப்பும் ஒன்று. அதை முதலில் எழுதியவனைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்டால் நெஞ்சு ‘வேண்டும்’ என்றுதான் சொல்கிறது. ஆனால் அறிவு கேட்கிறது: முதலில் எழுதியவன் யாரென்று பின்னர்த் தெரிவதால் அந்த மூதாட்டி பிழைத்திருப்பாரா? அடித்தவர்கள் பட்டப்பகலில் பலர் பார்க்க அடித்தார்கள். பரவலின் வேகத்தைத் தடுப்பதே பயன் தரும்; அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் கடத்த முடியாதபடி வரம்பு வைத்தார்கள். அதற்கு யாருடைய பூட்டையும் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் முத்திரை குத்தப்படுவது வதந்தி மட்டுமன்று, எல்லாச் செய்தியுந்தான். விடுதிச் சோற்றில் புழு கிடந்ததை முதலில் படம் எடுத்து அனுப்புகிற மாணவன் யார்? தன்னைத் தொல்லை செய்தவரைப் பற்றித் தோழியரிடம் முதலில் வாய் திறக்கிற பெண் யார்? இவர்களையும் அதே சாவி திறந்து காட்டும். நீதிமன்றம் கேட்டால் மட்டுமே திறப்போம் என்கிறார்கள். அவர்கள் நேர்மையை நான் ஐயுறவில்லை. சாவியின் நேர்மையைத்தான் ஐயுறுகிறேன். அமெரிக்காவில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று தொலைபேசி நிறுவனங்களில் அமைத்திருந்த ஏற்பாட்டுக்குள்ளேயே சீன ஊடுருவிகள் நுழைந்துவிட்ட செய்தி 2024இல் வெளிவந்தது. காவலருக்கென்று திறந்த கதவு கள்வருக்கும் வழியாயிற்று. பூட்டுகளைத் திறக்க வழி வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடிய அந்நாட்டு அதிகாரிகளே, குறியாக்கம் உள்ள செயலிகளில் பேசுங்கள் என்று அவ்வாண்டு டிசம்பரில் மக்களுக்கு அறிவுரை கூற வேண்டியதாயிற்று!

நம் அரசு கையறு நிலையில் நிற்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ், உரிய ஆணைக்குப் பின்னும் குறியாக்கத்தை நீக்க உதவ மறுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. குறிப்பிட்ட ஒருவரை, காரணம் காட்டி, முறைப்படி அழைத்துக் கேட்பது ஒன்று. நாட்டிலுள்ள அனைவர் வீட்டுக்கும் மாற்றுச் சாவி செய்து ஆணியில் மாட்டி வைப்பது முற்றிலும் வேறு. (2015 செப்டம்பரில் வெளியான ஒரு வரைவுக் கொள்கை, குறியாக்கம் செய்த செய்திகளின் மூலத்தை ஒவ்வொருவரும் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. நம் வீட்டுப் பாட்டியும் வைத்திருக்க வேண்டுமோ? சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள்.)

அரசைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோமே! கடன் செயலியில் மூவாயிரம் ரூபாய்க்காக ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்தி, தொடர்பெண்கள் அனைத்தையும் கொடுத்துவிட்டு, பிறகு உறவினர்க்கெல்லாம் வசைச் செய்தி போனபின் அழுதவர்கள் எத்தனை பேர்! கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. ஆனால் நாமே கதவைத் திறந்துவிட்டால் எந்தக் குறியாக்கமும் காவாது. வாட்ஸ்அப் உரையாடல்களின் மறுபிரதி கூகுள் கணக்கில் போய்ச் சேருகிறதே, அதற்கும் பூட்டுப் போடும் வசதி 2021 அக்டோபர் முதல் உண்டு. நாமாகத் தேடி அமைத்தாலொழிய அது வேலை செய்யாது. என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் அமைத்திருக்கவில்லை, நான் உட்பட. பிறந்த ஆண்டையே நான்கு இலக்கமாக வைத்திருந்தவர்கள் பலர். கைரேகை வசதியானதுதான், ஆனால் உறங்குகிறவன் விரலை எடுத்து எவரும் வைத்துவிடலாமே! கைப்பேசியை அணைத்துவிட்டுக் கொடுத்தால் அது மீண்டும் எழும்போது எண்ணைத்தான் கேட்கும், விரலைக் கேட்காது.

இப்போது என் கைப்பேசியில் ஆறு இலக்கம். சென்ற மாதம் மின்னேற்றும் துளை பழுதாகி அதே கடைக்குப் போனேன். அணைத்தே கொடுத்தேன். “பாட்டர்ன் என்ன தம்பி?” என்று வழக்கம்போல் தாளை எடுத்தார். “சார்ஜ் ஏறுதான்னு பாக்க அது வேணாம்ணே. தொறக்கணும்னா சொல்லுங்க, நானே தொறக்கிறேன். இங்கதான் இருக்கேன்” என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். “அப்படி உள்ள என்னப்பா வெச்சிருக்க?” என்று கேட்டுச் சிரித்தார். “ஒண்ணும் இல்லண்ணே” என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த முக்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.