மேலதிகப் பற்கள்: தரம் 1க்கும் 4க்கும் இடையில் தவறிப்போகும் பிள்ளைகள்

2019 ஜூலையில், சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்கள் அகற்றப்பட்ட செய்தி உலகெங்கும் பகிரப்பட்டது. ஒடொன்டோமா எனும் கட்டிக்குள் இருந்த பற்கள் அவை. எண்ணிக்கையைக் கண்டு வியந்த பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. சிறுவனின் வீக்கத்தைப் பெற்றோர் மூன்று வயதிலேயே கண்டிருந்தனர்.

அத்தகைய கட்டி அரிது. ஆனால் ஒன்றிரண்டு மேலதிகப் பற்கள் அப்படியல்ல. நிரந்தரப் பற்கள் முளைக்கும் வயதில் நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் மூவர் வரை இவை காணப்படுகின்றன, ஆண்பிள்ளைகளிடம் கூடுதலாக. பெரும்பாலும் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, முரசுக்குள் மறைந்திருக்கும்.

மேல் முன்பற்கள் ஏழு, எட்டு வயதில் முளைக்கும். ஒன்று வந்து ஆறு மாதமாகியும் மற்றையது வராவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தடையாக உள்ள பல்லை அந்த வயதில் அகற்றினால், நிரந்தரப் பல் பெரும்பாலும் தானாகவே இறங்கும். பிந்தினால் முரசைத் திறந்து, கம்பி கட்டி இழுக்க வேண்டிவரலாம். தொந்தரவு தராத மேலதிகப் பல்லை அகற்றாமல் கண்காணிப்பதும் உண்டு. அதையும் பல் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இலங்கையில் 1950களில் நியூசிலாந்தின் உதவியுடன் தொடங்கிய பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை இன்றும் இலவசம். ஆனால் பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாகத் தரம் 1, 4, 7, 10 மாணவருக்கே நடக்கிறது. தரம் 1 பிள்ளைகள் பலருக்கு மேல் முன் பால்பற்கள் விழுந்திருக்காது. தரம் 4 வருகையில் நல்ல காலம் நழுவத் தொடங்கிவிடும். சிக்கல் வெளிப்படும் தரம் 2, 3 இடையில் விடுபடுகின்றன.

அந்த இடைவெளியைப் பெற்றோரே நிரப்பட்டும் என்று விடுவது எமது சூழலில் நியாயமல்ல. இடப்பெயர்வுகளுக்கும் முகாம்களுக்கும் நடுவே வளர்ந்த தலைமுறைதான் இன்று பெற்றோராக இருக்கிறது. வலிக்காத பல்லுக்கு வைத்தியரிடம் போகும் பழக்கம் வாய்க்காதவர்கள் பலர். நெடுந்தீவுத் தாய்க்குப் படகேறிக் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் போவதென்றால் ஒரு நாள் உழைப்புப் போய்விடும்.

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. வகுப்பாசிரியர் ஆண்டுக்கொருமுறை தரம் 2, 3 பிள்ளைகளின் முன்பற்களைப் பார்த்து, ஒரு பக்கம் மட்டும் வராதவர்களின் பெயரைப் பற்சிகிச்சையாளரிடம் கொடுத்தாலே போதும். தீவகப் பிள்ளைகளுக்கான எக்ஸ்ரேயையும் வைத்தியரையும் ஒரே நாளில் ஒழுங்குசெய்வது மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு.